எண்ணெய் இல்லாத வீட்டுக்கு வந்தவ

இலங்கையின் வடக்கே, வன்னியில், முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலின் அம்மன் சந்நிதியில் வருசத்தில் ஏழு நாள் ஒரு விளக்கு எரியும். மற்ற விளக்குகளுக்கு எண்ணெய் விடுவார்கள். இதற்கு விடுவது கடல்நீர். கிட்டப் போய்ப் பார்க்க இடம் கிடைப்பது பெரும்பாடு. சனம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். பின்னால் நிற்பவர்கள் பிள்ளைகளைத் தோளுக்கு மேலே தூக்கிக் காட்டுவார்கள். பிள்ளைக்குத் தெரிவதெல்லாம் ஒரு சின்னச் சுடரும், அதன் கீழே அசையாத நீரும்தான். ஆனால் வன்னியில் பிறந்த பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அது யார் ஏற்றிய விளக்கு, ஏன் எண்ணெய் இல்லை, யாருக்காக ஏற்றினார்கள் என்ற கதை அதற்கு முன்னமே காதில் விழுந்திருக்கும்.

வைகாசி விசாகப் பொங்கல் என்று நாங்கள் சொல்லும், பக்கத்து ஊரான வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கூட்டத்தையும் காவடிகளையும் எழுதிவிட்டு நின்றுவிடுகிறார்கள். அதன் உள்ளே இருக்கும் ஒழுங்கு கவனத்துக்கு வருவதில்லை. இந்த விழா ஒரு வருகையின் நினைவு. மதுரையை எரித்த ஒருத்தி நந்திக்கடல் என்ற களப்பின் கரைக்கு வந்த நாளை ஊர் திரும்பவும் செய்து பார்க்கிறது. அதைச் செய்து பார்க்கும் முறையில்தான் வன்னியின் தனித்தன்மை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

முதலில் கதை. எங்கள் பக்கத்தில் சொல்கிறபடி சொல்கிறேன்.

கோபம் அடங்காத கண்ணகி இலங்கைக்கு வந்து ஊர் ஊராகத் தங்கிப் போகிறாள். அப்படித் தங்கிய பத்தாவது இடம் இது. பத்தாம் பளை என்பதே வற்றாப்பளை ஆனது என்பது ஊர் சொல்லும் பெயர்க்காரணம். நந்திக்கடல் வெளியில் மாடு மேய்த்துக்கொண்டு நின்ற பொடியன்கள் ஒரு கிழவியைக் காண்கிறார்கள். கிழவிக்குப் பசி. பொடியன்கள் இலை குழைகளை வெட்டி ஒரு கொட்டில் போட்டுக் கொடுக்கிறார்கள், கையில் இருந்ததை வைத்துப் பொங்குகிறார்கள். பொழுதுபட்டுவிட்டது, விளக்கு வைக்க வேண்டும். காட்டில் எண்ணெய்க்கு எங்கே போவது? "கடல் தண்ணியை அள்ளி ஊத்தித் திரியைக் கொளுத்துங்கோ" என்கிறாள் கிழவி. கொளுத்துகிறார்கள், எரிகிறது. பிறகு தலை கடிக்கிறது, பேன் பார்த்துவிடுங்கள் என்று கேட்கிறாள். மயிரை விலக்கிப் பார்த்த பொடியனுக்குத் தலை முழுதும் கண்கள் தெரிகின்றன. அவன் அலறிக்கொண்டு எழும்ப, வைகாசியில் வருவேன் என்று சொல்லிவிட்டு அவள் மறைந்து போகிறாள்.

இந்தக் கதையில் கண்ணகி செய்வது எவ்வளவு குறைவு என்பதைக் கவனியுங்கள். வருகிறாள், பசி என்கிறாள், ஒரு யோசனை சொல்கிறாள், போகிறாள். குழை வெட்டுவது, கொட்டில் போடுவது, தண்ணீர் அள்ளுவது, அடுப்பு மூட்டுவது எல்லாம் பொடியன்கள். விழாவும் அப்படியே.

வைகாசிப் பூரணையை ஒட்டி வரும் திங்கட்கிழமை பொங்கல். அதற்கு இரண்டு திங்கட்கிழமைகள் முன்னரே வேலை தொடங்கிவிடும். முதல் திங்கள் பாக்குத்தெண்டல். தெண்டுதல் என்றால் கேட்டுச் சேர்த்தல். இன்றைக்கும் கோவிலுக்குக் காசு தெண்டினார்கள், நெல்லுத் தெண்டினார்கள் என்றுதான் கதைப்போம். வெற்றிலை பாக்கு கைமாறினால் ஒரு காரியத்துக்கு ஒத்துக்கொண்டதாக அர்த்தம். கலியாண வீட்டுக்கும் அதுதான், வயல் வேலைக்கு ஆள் சொல்வதற்கும் ஒரு காலத்தில் அதுதான். விருந்தாளி வரப்போகிறாள், நீங்களும் பொறுப்பு என்று ஊரிடம் கைச்சாத்து வாங்குவது போன்றது இந்த முதல் திங்கள்.

இரண்டாம் திங்கள் தீர்த்தம் எடுத்தல். காட்டா விநாயகர் கோவிலில் இருந்து புறப்பட்டு முல்லைத்தீவுக் கடலுக்கு, சிலாவத்தைத் தீர்த்தக்கரைக்குப் போவார்கள். வழிநெடுக வீட்டு வாசல்களில் நிறைகுடமும் குத்துவிளக்கும் இருக்கும். கடலில் அள்ளிய நீருடன் திரும்பி வந்து அம்மன் சந்நிதியில் விளக்கேற்றுவார்கள். அன்று ஏற்றும் விளக்குத்தான் நான் தொடக்கத்தில் சொன்னது. அடுத்த ஞாயிறு காட்டா விநாயகருக்குப் பொங்கல். அன்றிரவு கழிந்து மடைப்பண்டம் வற்றாப்பளைக்குப் போகும். மடைப்பண்டம் என்பது அம்மனுக்குப் படைக்கும் அரிசி, தேங்காய், பழம், வெற்றிலை, பாக்கு முதலான சாமான்கள். முள்ளியவளையார் கொண்டுபோக வேண்டியது அது. மூன்றாம் திங்கள் வற்றாப்பளையில் வளந்து ஏற்றிப் பொங்குவார்கள். பொங்கல் பானையை வன்னியில் வளந்து என்போம். சும்மா வீட்டில் சோறு காய்ச்சும் பானையை அப்படிச் சொல்வதில்லை.

பாக்கு, நீர், விளக்கு, பண்டம், அடுப்பு. ஒரு ஏழை வீடு பெரிய விருந்தாளியை எதிர்பார்த்து என்னென்ன செய்யுமோ அதெல்லாம் மூன்று திங்களில் வரிசையாக நடக்கிறது. இத்தனைக்கும் நடுவில் கண்ணகி வேடம் போட்டுக்கொண்டு நந்திக்கடல் கரையில் நடந்து வருகிறவள் என்று யாருமே இல்லை. கதையின் தலைவியை எவரும் நடிப்பதில்லை. ஊர் முழுக்க நடிப்பது அந்த மாட்டுக்காரப் பொடியன்களைத்தான்.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் கடலுக்கு அந்தப் பக்கம் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் வருகையை விழாவாக்கும் வழக்கம் வலுவாக உண்டு, அதிலும் பாடல் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போன புலவர்களின் வருகையை. எங்களுக்கு நேர் எதிர்க்கரை என்று சொல்லக்கூடிய வேதாரணியத்தில், பழைய திருமறைக்காட்டில், மாசித் திருவிழாவில் கதவு திறக்கும் காட்சியை நடத்துகிறார்கள். 7ஆம் நூற்றாண்டில் அப்பரும் சம்பந்தரும் சேர்ந்து அங்கே வந்தார்கள் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை. வேதங்கள் பூசை செய்து மூடிவிட்டுப் போன கதவு, அதன்பின் எவராலும் திறக்கப்படவில்லை. அப்பர் "பண்ணினேர் மொழியாள்" என்று தொடங்கிப் பாட்டுக்கு மேல் பாட்டாகப் பாடுகிறார், கதவு அசையவில்லை. கடைசியில் "இரக்கம் ஒன்றிலீர்" என்று இறைவனையே நொந்துகொண்ட பிறகுதான் திறக்கிறது. சம்பந்தர் மூடுவதற்குப் பாடுகிறார், ஒரே பாட்டில் மூடிக்கொள்கிறது. அந்த வேறுபாடு அப்பரின் மனத்தில் என்ன செய்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு எப்போதும் நெஞ்சு கனக்கும். விழாவில் அந்தப் பதிகங்களைப் பாட, கதவு திறக்கும், மூடும். கும்பகோணத்துக்குப் பக்கத்துப் பட்டீச்சுரத்தில் ஆனி மாதம் முத்துப்பந்தல் விழா. வெயிலில் நடந்து வந்த சம்பந்தருக்கு இறைவன் பூதங்களிடம் முத்துப்பந்தல் கொடுத்தனுப்பினான் என்பது நினைவு. அன்று சம்பந்தர் திருவுருவம் முத்துப்பந்தலின் கீழ் வீதி வரும்.

இந்த விழாக்களில் வந்தவர் கண்முன் இருக்கிறார். அவரைத் தூக்கிச் சுமக்கிறார்கள், அவர் பாடியதையே பாடுகிறார்கள். வற்றாப்பளையில் வந்தவள் காணாமல் போகிறாள், வரவேற்றவர்களின் கைவேலை மிஞ்சுகிறது.

சம்பந்தரைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். வன்னியின் மேற்குக் கரையோடு சேர்ந்த மாதோட்டத்துத் திருக்கேதீச்சரத்துக்கு அவர் பாடிய பதிகம் இருக்கிறது. "கனைகடல் கடிகமழ் பொழிலணி மாதோட்டம்" என்று கரையையும் சோலையையும் வர்ணிக்கிறார். சுந்தரர் பாலாவிக் கரையைப் பாடுகிறார். பாட்டைக் கேட்டால் கால் நனைத்துவிட்டுப் பாடியது போலத்தான் இருக்கும். ஆனால் பெரியபுராணத்தின்படி இரண்டு பேரும் இராமேச்சரத்தில் நின்று, கடலுக்கு இக்கரையை நினைத்துத் தொழுது பாடியவர்கள். ஆக எங்கள் மேற்குக் கரைக்குப் பாட்டு வந்தது, புலவர் வரவில்லை. கிழக்குக் கரைக்கோ புலவர் எழுதி முடித்த கதையில் இருந்து ஒருத்தி எழும்பி வந்தாள்.

எப்படி வந்தாள் என்பதுதான் அடுத்த கேள்வி. இளங்கோ அடிகள் அவளை இங்கே அனுப்பவில்லை. சிலப்பதிகாரத்தில் மதுரையின் கிழக்கு வாசலால் கணவனோடு நுழைந்தவள், "மேற்றிசை வாயில் வறியேன் பெயர்கு" என்று மேற்கு வாசலால் தனியே போகிறாள். பதினான்கு நாள் நடந்து சேர நாட்டு மலையில் வேங்கை மரத்தடியில் நின்று வானுலகம் போய்விடுகிறாள். இலங்கைக்கும் அவளுக்கும் உள்ள தொடர்பு பிறகுதான் வருகிறது. சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோவில் எடுத்தபோது "கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்" அங்கே இருந்தான் என்று வரந்தரு காதை சொல்கிறது. கயவாகு என்ற கஜபாகு மன்னன் அந்த வழிபாட்டை இங்கே கொண்டுவந்தான் என்பது தமிழர், சிங்களவர் இரு பகுதியாரும் பேணும் நினைவு. சிங்கள மக்களுக்கு அவள் பத்தினித் தெய்யோ.

இளங்கோவின் முடிவில் எங்களுக்கு வேலை இல்லை. மேற்கே போய் வானத்துக்கு ஏறிவிட்ட ஒருத்திக்கு யார் பொங்கிக் கொடுக்க முடியும்? அதனால் இங்குள்ள புலவர்கள் கதையை வேறு வழியால் நடத்தினார்கள். கண்ணகி வழக்குரை என்ற நூல் இலங்கையில் பிறந்தது. மட்டக்களப்பில் அந்தப் பெயர், யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை, வன்னியில் சிலம்பு கூறல். பாடல் ஒன்றேதான், ஊருக்கு ஊர் பெயரும் பாடமும் மாறும். அதில் கடலோட்டு காதை என்று ஒரு பகுதி சிலப்பதிகாரத்தில் கிடையவே கிடையாது. கண்ணகியின் சிலம்புக்குப் பரலாக நாகமணி வேண்டும். அதை எடுக்க மீகாமன் என்ற கப்பல் தலைவன் எங்கள் பக்கத்துத் தீவுகளுக்கு வருகிறான், வெடியரசன் என்ற தீவரசனோடு சண்டை பிடிக்கிறான், மணியோடு திரும்புகிறான். அப்படியென்றால் மதுரையில் பாண்டியன் முன்னால் உடைந்து தெறித்த பரலே இந்தக் கடலில் இருந்து போனது! கதையை எங்களுடையதாக்கிய அந்தப் புலவர்களின் துணிவை நினைத்தால் மெய்சிலிர்க்கிறது. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிட்டது 1892இல். அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே எழுத்து வாசிக்கத் தெரியாத வன்னிக் கிழவிகளுக்குக் கோவலன் கொலைப்பட்டதும் கண்ணகி வழக்குரைத்ததும் ஏட்டைப் படிக்கக் கேட்டுப் பாடம். கேட்டது போதாமல் கூத்தாகவும் பார்த்தார்கள். முல்லைத்தீவின் கோவலன் கூத்து முல்லைமோடி என்று தனிப்பாணியாகவே பேசப்படுவது.

காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வைகாசி வன்னியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதம். காலபோக வெள்ளாமை வெட்டி, சூடு அடித்து, நெல் வீட்டுக்கு வந்திருக்கும். குளங்கள் இறங்கத் தொடங்கும். நந்திக்கடல் பின்வாங்கிப் போன வெளியில் மாடுகள் நிற்கும். வெக்கை ஏற, அம்மாள் வருத்தம் என்று நாங்கள் சொல்லும் அம்மையும் கொப்பளிப்பானும் வீடுகளுக்குள் வரும். வேப்பிலை கட்டும் காலம் அது. மதுரையை எரித்தவளின் சூடும் மண்ணின் சூடும் உடம்பின் சூடும் ஒன்றாகச் சேரும் மாதத்தில் அவளை உட்கார்த்தி, சோறு கொடுத்து, ஆற்றி அனுப்புகிறார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் இதே மாதத்தில் கண்ணகி கோவில்களில் குளிர்த்தி பாடுவார்கள், பெயரிலேயே குளிர் இருக்கிறது. கதையின் எண்ணெய் இல்லாத விளக்கும் எனக்கு இந்த இடத்தில்தான் பிடிபடுகிறது. மதுரையில் நெருப்பு ஒரு நகரத்தைத் தின்றது. இங்கே அதே நெருப்பு நீரின் மேலே, ஒரு திரி அளவுக்குச் சுருங்கி, வெளிச்சம் மட்டும் தருகிறது.

யாழ்ப்பாணத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலரைத் தொடர்ந்து எழுந்த சைவ எழுச்சி கண்ணகி வழிபாட்டை விரும்பவில்லை. சமண முனிவர் எழுதிய காப்பியத்துச் செட்டிப் பெண்ணைச் சைவர் எப்படிக் கும்பிடலாம் என்பது அவர்கள் வாதம். அங்கே பல கண்ணகி கோவில்கள் இராஜராஜேஸ்வரி என்றும் வேறு அம்மன் பெயர்களிலும் மாறின. அந்த அலை வன்னியில் பெரிதாக அடிக்கவில்லை. வற்றாப்பளையில் ஆகம முறையில் பூசை நடக்கும் கோவிலும் கோபுரமும் வந்துவிட்டன. ஆனாலும் அவள் பெயர் கண்ணகி, அவளுக்குப் பொங்கல்தான் பெரிது. பெயரைக் காப்பாற்றியது எந்த ஏடும் இல்லை, அந்த மூன்று திங்கட்கிழமை வேலைகள்தான் என்பேன். கடல்நீரில் விளக்கு வைக்கிற வழக்கம் இருக்கிற வரையில், ஏன் கடல்நீர் என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்டால் கதை சொல்ல வேண்டும். கதையில் அவள் பெயரை மாற்ற முடியாது.

வந்தவர்களுக்குக் கொடுப்பது இன்றைக்கும் வெறும் கதையாகிவிடவில்லை. தெற்கே கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோவிலில் புறப்பட்டு, கிழக்குக் கரையோரமாக முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று இறங்குவார்கள். வற்றாப்பளைப் பொங்கலைக் கண்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். காவி வேட்டியும் தோள்மூட்டையுமாக வருகிற அந்தக் கிழவர்களுக்கும் கிழவிகளுக்கும் வழியில் சோறு, தண்ணீர், படுக்க ஒரு திண்ணை கொடுக்காத ஊரை நான் கண்டதில்லை. மோருக்கு உப்புப் போட்டுக்கொண்டே "ஆர் என்ன உருவத்திலை வாறினமோ" என்று சொல்லும் பெண்களிடம் யாரும் பத்தாம் பளைக் கதையை நினைவுபடுத்த வேண்டியதில்லை.

விளக்குக்கு நீர் கொடுக்கும் கடல் 2004 மார்கழி 26ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் அங்கேதான் தீர்த்தம் எடுக்கிறார்கள். கிழவி வந்ததாகச் சொல்லும் நந்திக்கடல், போர் முடிந்த 2009இல் உலகத்துக்கே தெரிந்த பெயராகிவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் வெளியார் நினைப்பது ஒன்று, நாங்கள் நினைப்பது இரண்டு. அந்த ஆண்டு வைகாசி விசாகம் வந்தபோது இந்தப் பக்கத்துச் சனம் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர், தறப்பாள் கொட்டில்களில், கம்பி வேலிக்குள்.

எங்கள் அம்மம்மாவும் அங்கேதான். நாள் கணக்கே மறந்துபோயிருந்த அந்த நாட்களில் திங்கட்கிழமையை மட்டும் அவ எப்படியோ பிடித்து வைத்திருந்தா. நிவாரணத்தில் கிடைத்த உப்பில் ஒரு பிடி எடுத்து, சிரட்டையில் கரைத்து, பழைய சீலைக் கரையைக் கிழித்துத் திரி திரித்துப் போட்டா. தறப்பாளுக்குள் அனல். பக்கத்துக் கொட்டிலில் ஒரு குழந்தைக்குக் கொப்பளிப்பான். எண்ணெய் எங்கேயாவது கொஞ்சம் கேட்டுப் பார்க்கட்டோ என்று நான் கேட்டேன்.

"வேண்டாம் மோனை. எண்ணெய் இல்லாத வீட்டுக்கு வந்தவ, எண்ணெய் கேக்கமாட்டா."

நெருப்புக்குச்சியைத் தட்டிப் பிடித்தா. திரியின் காய்ந்த நுனி பற்றியது. நீரைத் தொட்ட இடம் வந்ததும் புகைந்து அணைந்தது. இன்னொரு குச்சி. மூன்றாவது குச்சியும் அப்படித்தான். அதற்குள் பக்கத்துக் கொட்டில்களில் இருந்து நாலைந்து பிள்ளைகள் வந்து சுற்றிக் குந்திவிட்டன, இது என்ன ஆச்சி என்று. அவ திரியை ஒருக்கால் சரிசெய்துவிட்டு, நந்திக்கடல் வெளியில் மாடு மேய்த்த பொடியன்களில் இருந்து தொடங்கினா.